ஒரே கை, இரண்டு பெயர்

தம்பி,

இந்தக் கடிதத்தை வழக்கம்போல நாலாக மடித்து, கொழும்புக்குப் போகிற யாருடைய கையிலாவது கொடுத்து, கிளாலிக் கடலைத் தாண்டி உன்னிடம் சேர்ப்பித்திருக்கலாம். உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது, அதற்குள் எப்படியும் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் நான் இதைப் பேப்பரில் போடச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். கிழமைக்குக் கிழமை குறுக்கெழுத்துத் தீர்ப்பு வருகிற அதே பக்கத்தில், அதே எழுத்தளவில். பேப்பரின் ஆசிரியர் மூக்கைச் சொறிந்தார். "ரீச்சர், நாலு வரியிலை ஒரு திருத்தம் போட்டால் காணாதோ?" என்றார். காணாது என்றேன். பிழையை எந்த இடத்தில் அச்சடித்தோமோ அந்த இடத்திலேயே திருத்தத்தையும் அச்சடிக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்தின் சட்டம். அதை எழுதியவளே நான்தான். அந்தச் சட்டம் இப்போது என் கழுத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீ ஒரு ரகசியத்தைப் பத்து வருடம் காப்பாற்றினாய். "கட்டத்தார்" என்ற பெயரில் இந்தப் பக்கத்தை நடத்துவது உன் அம்மா என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குக்கூடச் சொல்லவில்லை என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. நல்ல பிள்ளை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நீ கொஞ்சம் வாய் காவாதவனாக இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். இனி ரகசியம் இல்லை. "மதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்கி இத்தனை காலமும் எனக்குக் கடிதம் எழுதிய வாசகர்கள் அறிக: ஐயாவுக்கு மீசை இல்லை. அவர் நெல்லியடியில் கணக்குப் படிப்பிக்கிற ஒரு பெண்பிள்ளை.

இந்தக் கட்டம் கட்டுகிற வேலை எப்படி நம் வீட்டுக்குள் வந்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எண்பத்து மூன்றில் உன் அப்பா கொழும்பில் கந்தோர் வேலையில் இருந்தார். நான் இங்கே உன்னோடு தனியே. அவர் வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று எனக்கு அந்த வருடத் தொடக்கத்திலிருந்தே மனதுக்குள் கிடந்து அரித்தது. அதை நேரே எழுத என் ரோசம் விடவில்லை. "கிணற்றுக் கப்பி கிரீச் கிரீச்சென்று கத்துகிறது, பார்க்க ஆள் இல்லை" என்று எழுதினேன். பெண்டாட்டியின் மனம் அறிந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? யாழ்தேவி ரயிலில் ஒரு புதுக் கப்பியைப் பார்சல் கட்டி அனுப்பிவைத்தார். நான் அதைப் பூட்டினேன். ஆடி மாதம் கொழும்பில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. அவர் ஒரு முகாமில் கிடந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது உடம்பில் இருந்த சேட்டு அவருடையது அல்ல. உயிரோடு வந்தார், எனக்கு அது போதும். ஆனால் "எனக்குப் பயமாக இருக்கிறது, வந்துவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர் சித்திரையிலேயே வந்திருப்பார். அவரே பிறகு சொன்னார். அந்தக் கப்பி இன்றைக்கும் நம் கிணற்றில் சத்தமில்லாமல் சுழல்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேல் கோபம் வரும். ஜெசிந்தாவோடு நீ வாழப்போகிற வீட்டில் உன் மனதில் உள்ளதைக் குறிப்பாகச் சொல்லாதே. குறிப்பெல்லாம் பேப்பருக்கு. வீட்டுக்கு வெறும் தமிழ்.

வேலை போய் வீட்டோடு இருந்த உன் அப்பாவுக்குப் பொழுது போகவில்லை. கொழும்பு ரயிலில் ஆங்கிலப் பேப்பரின் குறுக்கெழுத்தைப் பென்சிலால் நிரப்பிப் பழகிய மனிதர், இங்கே முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவரை ஒரு இடத்தில் உட்கார வைக்கத்தான் நான் தமிழில் ஒரு கட்டம் போட்டேன். நீ உன் பள்ளிக்கூட அடிமட்டத்தால் கோடு இழுத்து, கறுப்பு மையால் கறுப்புப் பெட்டிகளை நிரப்பினாய். உன் விரலில் இருந்த மை சோற்றுக் கோப்பையில் எல்லாம் ஒட்டும். பிறகு அந்தக் கட்டங்கள் பேப்பருக்குப் போயின, பக்கம் ஒன்று கிடைத்தது, போட்டி ஒன்று தொடங்கியது. போட்டி இதுதான்: நான் ஒரு சொல்லைக் கொடுப்பேன். அந்தச் சொல்லுக்கு வாசகர்கள் ஒரு குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். குறிப்பில் ஒரு பாதி சொல்லின் பொருளைக் காட்ட வேண்டும், மறு பாதி எழுத்துகளைச் சேர்த்தோ வெட்டியோ அதே சொல்லுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். இரண்டும் சேர்ந்து, சும்மா ஒரு ஆள் கதைக்கிற மாதிரி இருக்க வேண்டும். பத்தில் ஒன்றுகூட அப்படி அமையாது. அமைந்தால் அந்த நாள் முழுக்க எனக்குச் சமையல் ருசிக்கும்.

தீர்ப்புச் சொல்கிற முறையும் உனக்குத் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் பஸ் கொண்டக்டர் துணிப்பையைக் கொண்டுவந்து தருவார். உள்ளே கொப்பித்தாள், தேயிலைப் பைக்கற்றின் உட்புறம், சங்கக்கடை ரசீதுத் துண்டின் பின்பக்கம் என்று எதிலெல்லாம் எழுத முடியுமோ அதிலெல்லாம் எழுதிய குறிப்புகள் இருக்கும். பேப்பரே கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சடித்து வந்த காலத்தில் வாசகர்களை என்ன குறை சொல்வது? உன் அப்பா ஒவ்வொரு துண்டிலும் பெயர் இருக்கிற அடிப்பக்கத்தை மடித்து ஊசி குத்தித் தருவார். நான் குறிப்பை மட்டும் பார்த்து மார்க் போட வேண்டும். தீர்ப்பு முடிந்த பிறகுதான் மடிப்பை விரிக்கலாம். இதையும் நானே சட்டமாக எழுதி, பக்கத்தின் தலைப்பில் பெருமையாகப் போட்டுக்கொண்டேன். முதல் பரிசு ஒரு கட்டிச் சவர்க்காரம், நெல்லியடிச் சந்தைக் கடைக்காரர் ஒருவரின் உபயம். சிரிக்காதே. பொருள் தடையால் குளிக்கத் தோய்க்க ஒன்றும் கிடைக்காத தொண்ணூற்றொன்றில் ஒரு கட்டிச் சவர்க்காரம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும்.

அந்த வருடம் ஒரு கிழமை நான் கொடுத்த சொல் "வலை". கடலுக்குப் போகத் தடை இருந்த நேரம் அது. நான் அதை நினைத்தெல்லாம் கொடுக்கவில்லை, இரண்டெழுத்துச் சொல் ஒன்று வேண்டியிருந்தது. வந்த துண்டுகளில் இரண்டு என் கையைப் பிடித்து நிறுத்தின. ஒன்று: "தவலையின் மூடியைத் திறந்தால் உள்ளே மீன் இருக்கும் (2)". மூடி என்றால் முதல் எழுத்து. அதை எடுத்துவிட்டால் தவலை வலையாகிறது, உள்ளே மீனும் இருக்கிறது. ஒரு சொல் அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. மற்றது: "கவலையின் தலையை வெட்டினால் கடலுக்குப் போகலாம் (2)". இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், இரண்டும் ஒரே கையெழுத்து. ஒரே பச்சை மை, ஒரே மாதிரிச் சாய்ந்த லகரம், வித்தையும் ஒன்று: இரண்டிலும் தலையை வெட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு குறிப்பு என்பது சட்டம். யாரோ சவர்க்காரத்துக்காக இரண்டு பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே நொடியில் முடிவாகிவிட்டது.

அப்போது நான் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தேன். தீர்ப்பு எழுதுவதற்கு முன்னமே இரண்டு மடிப்பையும் விரித்துப் பார்த்தேன். உன் அப்பா, "ஏய், இன்னும் முடியேல்லை" என்றார். நான் கேட்கவில்லை. பெயர்களை மறந்துவிட்டேன் என்றுதான் போன மாதம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் முகவரி மறக்கவில்லை. குருநகர் என்று இருந்தது, ஒரு பெயருக்குப் பக்கத்தில் தொழில் என்று "கடல்" என்று எழுதியிருந்தது. கடலுக்குப் போகிற வீட்டில் இப்படி ஒரு மூளை இருந்தாலே பெரிய காரியம், இரண்டு எப்படி இருக்கும் என்று நான் நினைத்தேன். வாயால் சொல்லவில்லை. நினைத்தேன். அதை இன்று இந்தப் பக்கத்தில் எழுதுகிறபோது என் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் கிழமைத் தீர்ப்பில் இப்படி அச்சடித்தேன்: "குருநகரிலிருந்து ஒரே கை இரண்டு பெயரில் வந்திருக்கிறது. சவர்க்காரத்துக்காக இப்படி அழுக்குப்படலாமா? இரண்டும் தள்ளப்பட்டன." நல்ல வசனம் எழுதிவிட்டேன் என்று எனக்குப் பெருமையும் புளுகமும் வேறு. ஆசிரியர் சிரித்ததாகச் சொல்லி அனுப்பினார்.

போன வருடம் நீ ஜெசிந்தாவைப் பற்றி எழுதினாய். யாழ்ப்பாணத்தில் உன்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், குருநகர், கத்தோலிக்க வேதக்காரர், தகப்பன் கடல்தொழில் என்று நேராக, ஒளிக்காமல் எழுதினாய். அந்த விதத்தில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். நான்தான் "பார்ப்போம்" என்று ஒரே சொல்லை ஆறு மாதம் திருப்பித் திருப்பி எழுதினேன். அதுவும் ஒரு குறிப்புத்தான், விடை "மாட்டேன்" என்று உனக்கு விளங்கியிருக்கும். சொந்தக்காரர் என்ன சொல்வார்கள், கோயிலா தேவாலயமா, பேரப்பிள்ளைக்கு என்ன பெயர் என்று நான் உருட்டிக்கொண்டிருந்தேன். உன் அப்பா ஒரு நாள், "உனக்கு மருமகள் வேணுமோ, மார்க் போட ஆள் வேணுமோ?" என்று கேட்டார். அதற்கு மறுமொழி சொல்ல முடியாமல்தான் சம்மதித்தேன். இப்போது சண்டைச் சத்தம் ஓய்ந்து, ஆட்கள் போய்வருகிற காலம். நீ பயிற்சிக்குக் கொழும்புக்குப் போன பிறகு, நாங்கள் இரண்டு பேரும் அவர்கள் வீட்டுக்குக் கதைக்கப் போனோம்.

மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு பழைய காரைப் பிடித்தோம். சாரதி போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் நாலு துளி விட்டுத்தான் அதை உயிர்ப்பித்தார், பிறகு வழி முழுக்கப் புகை. வெள்ளிக்கிழமை. நான் மரக்கறி, அவர்களும் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடுவதில்லை என்று தெரிந்ததும் எனக்கு ஏதோ பாதி வழி வந்துவிட்டது போல ஒரு நிம்மதி. ஜெசிந்தாவின் தகப்பன் சவிரிமுத்தர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து வரவேற்றார். உயரமான மனிதர், விறாந்தையில் விரித்திருந்த வலையைச் சுருட்டி ஒதுக்கி எங்களுக்குக் கதிரை போட்டார். வடையும் பனங்கட்டியோடு தேத்தண்ணியும் வந்தன. ஜெசிந்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு உடனே பிடித்துவிட்டது, இதையும் எழுதிவைக்கிறேன். நாள் பார்த்தோம், பூசை எந்தத் தேவாலயத்தில், எங்கள் பக்கம் எத்தனை பேர் என்று எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. உன் அப்பாவுக்கு வாய் சும்மா இராதே. சுற்றிப் பார்த்துவிட்டு, "பேப்பர் எடுக்கிறேல்லையோ?" என்று கேட்டார்.

"உந்தப் பேப்பர் இந்த வாசல் மிதிக்காது" என்றார் சவிரிமுத்தர்.

"அப்பா, விடுங்கோ" என்றாள் ஜெசிந்தா.

"ஏன் விடுறது? சம்பந்தி வீட்டுக்காரர் அறியட்டும். ரீச்சர், உதிலை கட்டத்தார் எண்டு ஒருத்தர் இருக்கிறார். என்ரை மகள் அவரின்ரை கட்டத்தை எனக்கு வாசிச்சுச் சொல்லுவாள், நான் கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டு விடை சொல்லுவன். எனக்கு வாசிப்பும் எழுத்தும் இல்லை, கண்ணியை எண்ணி எத்தினை எழுத்தெண்டு மனசிலை வைச்சுக்கொள்ளுவன். ஒருக்கா 'வலை' எண்டு குடுத்தார். இது எங்கடை சொல்லல்லோ எண்டு ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்டு யோசிச்சம். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினவள். கவலையின்ரை தலையை வெட்டினால் கடலுக்குப் போகலாம் எண்டது என்ரை. அந்த மனிசன் எங்களைக் கள்ளர் எண்டு அச்சடிச்சுப் போட்டார். சவர்க்காரக் கள்ளர்!"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஜெசிந்தா சிரிக்கவில்லை. "எனக்குப் படிப்பிக்கக் கிடைச்ச முதல் வருஷம் அது" என்றாள் மெல்ல. "அனுப்பினதை நான் ஆசையிலை வகுப்பிலை சொல்லிப்போட்டன். பிறகு பிள்ளையள், ரீச்சர், சவர்க்காரம் கிடைச்சதோ எண்டு கேட்டவை."

தம்பி, உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் கோப்பைக்குள் பார்த்தேன். "நான்தான் அந்த மனிசன்" என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வடை நல்லாயிருக்கிறது என்று சொன்னேன். முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்து "செய்த பிழையை எழும்பி நின்று சொல்லு" என்று கத்திய வாய் அது.

திரும்பி வருகிற வழியில் புத்தூர் தாண்டும்வரை உன் அப்பா புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். பிறகு, "நீ சொல்லுவாய் எண்டு பாத்தன்" என்றார். "சொல்லிக் கலியாணம் குழம்பினால்?" என்று நான் சீறினேன். பிள்ளையின் வாழ்க்கை, என் ரோசம் அல்ல என்று பெரிய நியாயம் எல்லாம் பேசினேன். ஒரே கையெழுத்தைக் கண்டால் எந்த நடுவரும் அப்படித்தான் செய்வார் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புலோலி அதிபர் வீட்டிலை இருந்து ரெண்டு குறிப்பு வருமே, அது ஆரின்ரை கை?" என்றார். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், கண்ணில் புரை. அவருடைய குறிப்பையும் தன்னுடைய குறிப்பையும் அவர் மனைவிதான் எழுதி அனுப்புவார். ஒரே கை, இரண்டு பெயர். வருடக்கணக்காக வருகிறது. பாவம், மனிதருக்குக் கண் தெரியாது, மனைவி எழுதுகிறார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு இரண்டுக்கும் மார்க் போட்டிருக்கிறேன், ஒருமுறை பரிசும் கொடுத்திருக்கிறேன். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதலாம் என்பது அதிபர் வீட்டுக்கு எனக்கு உடனே விளங்கியது. குருநகர் வீட்டுக்கு விளங்கவில்லை. கையெழுத்து என் கண்ணை மறைக்கவில்லை, முகவரிதான் மறைத்தது. நான் மடிப்பை விரிக்காமல் இருந்திருந்தால், "இரண்டு பேரா?" என்று ஒரு கேள்வியாவது போட்டிருப்பேன்.

இரண்டு கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பாவிடம் கோபித்தேன், வகுப்பில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன், ஒரு கட்டத்தில் இரண்டு விடை வருகிற மாதிரி ஒரு குறிப்பைப் போட்டு வாசகர்களிடம் வாங்கிக்கட்டினேன். அந்தத் திருத்தத்தை எழுதுகிற நேரத்தில்தான் வெட்கம் வந்தது. ஒரு பெட்டியில் ஓரெழுத்துப் பிழைத்ததற்கு அடுத்த கிழமையே மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டு மனிதரை அழுக்கர் என்று எழுதியதற்கு நாலு வருடமாக ஒரு வரி இல்லை. அடுத்த சனிக்கிழமை, துணிப்பையை உன் அப்பாவிடம் விட்டுவிட்டு, சந்தையில் ஒரு கட்டிச் சவர்க்காரம் வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தனியே பஸ் ஏறினேன். கூட வரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன்.

சவிரிமுத்தர் விறாந்தையில் வலையோடு இருந்தார். ஜெசிந்தா கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே, "அண்ணை, அந்தக் கட்டத்தார் நான்தான்" என்றேன். "போன முறை சொல்லாமல் போனதும் என்ரை பிழை. நீங்கள் ரெண்டு பேரும் கள்ளர் இல்லை. நான்தான் மடிப்பை விரிச்சு ஆளைப் பாத்துத் தீர்ப்புச் சொன்னனான். கலியாணத்தை என்ன செய்யிறதெண்டு நீங்கள் முடிவெடுங்கோ. ஆனால் என்ரை பிள்ளைக்கு இது ஒண்டும் தெரியாது, அவனைக் கோபிக்காதேங்கோ." சவர்க்காரத்தை எடுத்து முன்னால் வைத்தேன். உள்ளே அடுப்படியில் ஜெசிந்தாவின் தாய் சட்டியைக் கிண்டுவதை நிறுத்திவிட்டார்.

அவர் என்னையும் பார்த்தார், சவர்க்காரத்தையும் பார்த்தார். அதை எடுத்து மணந்து பார்த்தார். பிறகு, "ஒண்டுதானே கொண்டந்திருக்கிறியள்" என்றார்.

"ஓம், முதல் பரிசு ஒண்டுதான்."

"அப்ப அது ஆருக்கு? எனக்கோ, அவளுக்கோ?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் மனதைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். தீர்ப்புச் சொல்ல அல்ல. அவருடையதுதான் என்று சொல்லிவிட நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. நொந்த மனிதர், வயதில் மூத்தவர், நாளை சம்பந்தி. எனக்குக் கண் கலங்கியதும் அவருடைய குறிப்புக்குத்தான். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவருக்கு உண்மையாகவே விடை வேண்டியிருந்தது. நாலு வருடமாக வேண்டியிருந்தது.

"மகளின்ரை" என்றேன். "உங்கடை குறிப்பு நெஞ்சைத் தொடுகுது. ஆனால் கடலுக்குப் போகலாம் எண்டது வலைக்கு மட்டும் இல்லை, தோணிக்கும் பொருந்தும், காத்துக்கும் பொருந்தும். அவளின்ரை எழுத்தும் சரி, பொருளும் சரி. அவளுக்கு முதலாவது, உங்களுக்கு ரெண்டாவது."

சவிரிமுத்தர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியோ பிள்ளை! அண்டைக்கே நான் சொன்னனான், உன்ரைதான் திறம் எண்டு. இல்லை அப்பா, உங்கடைதான் எண்டு நிண்டவள். இப்ப கட்டத்தாரே சொல்லிப்போட்டார்." ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எழும்பி வந்து, "மாமி, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். அதுவரை என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிட்டவள். அவரைப் பார்த்து நான், "கோபம் இல்லையோ அண்ணை?" என்று கேட்டேன். "இருந்தது" என்றார். "இரக்கப்பட்டு எனக்குத் தந்திருந்தியள் எண்டால் இன்னும் இருந்திருக்கும்."

பிறகு அவர் உள்ளே போய் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. முதல் பக்கங்களில் அ, ஆ என்று பெரிது பெரிதாக, பென்சில் தாளைக் கிழித்திருந்தது. பிறகு சொற்கள். பிறகு, தம்பி, குறிப்புகள். கிழமைக்கு ஒன்றாக, நான் கொடுத்த சொல்லுக்கெல்லாம். பேப்பர் வாசல் மிதிக்காது என்று சபதம் போட்ட மனிதர், ஒவ்வொரு கிழமையும் மகளிடம், "உந்த ஐயா இந்த முறை என்ன சொல்லுக் குடுத்திருக்கிறார்?" என்று கேட்டிருக்கிறார். அவள் அயல்வீட்டுப் பேப்பரில் பார்த்து வந்து சொல்லியிருக்கிறாள். ஒரே கை என்று சொன்னதுதான் அவருக்குக் குத்தியிருக்கிறது. ஐம்பத்தைந்து வயதில் மகளிடம் எழுத்துப் பழகியிருக்கிறார். ஒன்றையும் அனுப்பவில்லை. "என்ரை எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி. உங்களுக்கு அனுப்ப வெக்கம்" என்றார். நான் அந்தக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் வாசித்தேன். சிலது மோசம், முகத்துக்கு நேரே சொன்னேன். சிலதுக்கு எனக்கு வயிற்றெரிச்சலே வந்தது. அதையும் சொன்னேன். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். நெத்தலிச் சொதி அவர்களுக்கு, கத்தரிக்காய்ப் பால்கறி எனக்கு.

இது உன் மாமனாரைப் பற்றிய கதை என்று நினைக்காதே, உன்னைப் பற்றியதும்தான். நீயும் என்னைப் போலத்தான், எவரையும் பார்த்த உடனே விடையைக் கண்டுவிட்டதாக நினைக்கிற ஆள். சின்னதில் கட்டத்தின் எழுத்தைப் பேனையால்தான் நிரப்புவாய், பென்சிலைத் தொடமாட்டாய். அவள் ஒன்று சொல்லத் தொடங்கும்போது முடிவுவரை கேள். நீ பிழைவிட்டால் வீட்டுக்குள் கொஞ்சிச் சமாளிக்காதே. நாலு பேர் முன்னால் அவளைக் குறைத்துச் சொன்னால் அந்த நாலு பேர் முன்னாலேயே திருத்திக்கொள். அவள் சமைத்தது சரியில்லை என்றால் சொல், உன்னுடையதை அவள் சொன்னாலும் கேட்டுக்கொள். தகப்பன் அவளை அப்படி வளர்த்திருக்கிறார். பொய்யான மார்க்கு அந்த வீட்டில் செல்லாது.

இந்தப் பக்கத்திலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இனி நான் துண்டுகளைக் கண்ணால் பார்ப்பதில்லை. உன் அப்பா ஒவ்வொன்றாக வாசிக்கிறார், நான் அரிசி புடைத்துக்கொண்டோ மரக்கறி வெட்டிக்கொண்டோ காதால் கேட்டு மார்க் சொல்கிறேன். கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியாது. முதல் கிழமை கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. உன் கல்யாணத்தை நினைத்து இந்தக் கிழமை நான் கொடுத்த சொல் "சம்மதம்". துணிப்பை நிரம்ப வந்திருந்தது. இனித் திருத்தத்தையும் தீர்ப்பையும் கீழே எழுதிவிட்டுக் கடிதத்தை முடிக்கிறேன். நீ வரும்போது கொழும்பிலிருந்து உன் மாமனாருக்கு நல்ல பென்சில் ஒரு பெட்டி வாங்கி வா.

திருத்தம்: தொண்ணூற்றொன்றில் "வலை" என்ற சொல்லுக்கான தீர்ப்பு பிழை. குருநகரிலிருந்து வந்தவை இரண்டு பேரின் இரண்டு குறிப்புகள். முதலாம் இடம்: ச. ஜெசிந்தா. இரண்டாம் இடம்: சூ. சவிரிமுத்து. அழுக்கு என்று எழுதியதற்கு நடுவர் இருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறார். பரிசு நேரில் கொடுக்கப்பட்டது.

இந்தக் கிழமைத் தீர்ப்பு, "சம்மதம்". முதலாம் இடம்: கீரிமலையை விட்டு வந்து இப்போது கரவெட்டியில் இருக்கும் ஒரு வாசகர். அவர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், சவர்க்காரம் மட்டும் போதுமாம். இரண்டாம் இடம் பெற்ற குறிப்பு: "சம்பலில் பாதி, பக்கத்தில் மதம், இரண்டு வீட்டாரும் ஓம் (5)". சம்பலின் பாதி சம், அதோடு மதம், இரண்டு வீட்டாரும் ஓம் என்றால் அதுதான் சம்மதம். அழகான குறிப்பு. மதத்தை ஒளிக்காமல் அப்படியே வெளியில் வைத்துவிட்டார் என்பதற்காக அரை மார்க் குறைத்தேன். குறிப்பில் அது குறைதான், நம் வீட்டுக்கு அல்ல. வாசித்து முடித்து மார்க்கும் எழுதிய பிறகு உன் அப்பா ஊசியைக் கழற்றி மடிப்பை விரித்தார், துண்டை என்னிடம் நீட்டினார். நண்டு ஊர்ந்த மாதிரி எழுத்து.

அனுப்பியவர்: சூ. சவிரிமுத்து, குருநகர். சொந்தக் கை.